நான்கு வெள்ளைக் கால்கள்

"வெந்நீர் இருக்கா, கொல்லரே?"

என் பட்டறை வாசலில் வந்து நின்றதும் டூகல் ரேங்கின் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதினொரு மைல் சேற்றில் நடந்து வந்திருப்பார். அடி வைக்கும்போதெல்லாம் பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போடும். ஆனால் வெந்நீர் அவருக்கு இல்லை, அவர் பிடித்து வரும் குதிரை பாரனுக்கு. முதலில் வலது முன்கால், அடுத்து இடது முன்கால், பிறகு பின்னங்கால்கள். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. சோப்பு போட்டுக் கழுவி, மரத்தூளைக் கை நிறைய அள்ளித் தேய்த்து உலர்த்தி, முழங்காலிலிருந்து குளம்பு வரை தொங்கும் வெள்ளை மயிரைச் சீப்பால் வாரிவிடுவார். அப்புறம்தான் தன் பூட்ஸைக் கழற்றுவார். அதற்குள் வாளித் தண்ணீர் ஆறி, சேறாகி இருக்கும். அதிலேயே தன் காலையும் முக்கி எடுத்துக்கொள்வார்.

பாரன் ஒரு பொலிகுதிரை. உடம்பெல்லாம் கறுப்பு, நான்கு கால்களும் முழங்கால் வரை வெள்ளை. அவனுடைய சொந்தக்காரர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய பண்ணைக்காரர். ஆனால் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த நியூசிலாந்தில் வசந்தம் பிறக்கும் அக்டோபரில், புல் துளிர்த்ததும் டூகல் குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பண்ணை பண்ணையாகப் போய், காத்திருக்கும் பெட்டைகளோடு சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே வழியில் திரும்பி வருவார். ஜனவரி வரை இந்த நடைதான். இருபத்து மூன்று வருடமாக, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு குதிரைகளோடு இப்படி நடந்திருக்கிறார். ஒரு தடவைகூட மேலே ஏறி உட்கார்ந்ததில்லை. கேட்டால் கோபம் வரும்.

"கல்யாணத்துக்குப் போற மாப்பிள்ளை முதுகுல ஏறிக்கிட்டா போவாங்க? விவரம் கெட்டத்தனமா கேக்குற."

சாப்பாடு, ஓட்ஸ் ரொட்டியும் ஆறிப்போன ஆட்டுக்கறியும். படுக்கை, குதிரை நிற்கும் கொட்டிலின் மச்சு. நல்ல கட்டில் போட்டுக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். பாரன் மூச்சு விடும் சத்தம் காதில் விழாவிட்டால் தூக்கம் வராதாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டைகளுக்கு லீவு. குதிரையைத் தேவாலய வேலியில் கட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகக் குறட்டை விடுவார். இன்னார் மகன் இன்னார், அவன் மகன் இன்னார் என்று வேதத்தில் வரும் வம்ச வரலாற்றைப் பாதிரியார் வாசிக்கிற அன்று மட்டும் கண் மூடாமல் கேட்பார். வெளியே வந்து, "தாய் வழியைச் சொல்லாம விட்டுட்டாரு பாத்தியா? பாதிக் கதைதான்" என்று குறைப்படுவார்.

அவர் பாரனின் வம்சத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஏழு தலைமுறைக்கு நிறுத்த மாட்டார். "பாரன், அவன் அப்பன் கறுப்புச் சாம்சன், அவன் அப்பன் லானர்க் ராஜா, அவன் அப்பன் கிழட்டு வாலஸ்..." தாய்நாட்டில் எந்தக் கொட்டிலில் எது பிறந்தது, எது கப்பலில் செத்தது, எதற்குக் கண்ணில் பூ விழுந்தது, எல்லாம் வரும். நாங்கள் குடும்பம் குடும்பமாக ஸ்காட்லாந்திலிருந்து இந்த நியூசிலாந்துக் கோடிக்கு வந்து சேர்ந்தவர்கள். பாதிப்பேர் எங்கள் பாட்டன் பெயரையே மறந்துவிட்டோம். ஒருநாள் அவரை மடக்கலாம் என்று, "சரி, உங்க தாத்தா பேரு என்ன?" என்று கேட்டேன்.

"தெரியாதுய்யா. அவருக்குக் கால் வெள்ளையா கறுப்பான்னு எவனும் எழுதி வைக்கலையே."

இதெல்லாம் கேலிக்கு. ஆனால் அவருடைய ஒரு பழக்கத்தை இந்த ஊரில் யாரும் கேலி செய்வதில்லை. பாரனுக்கு ஒரு குட்டி பிறந்தது என்றால், அது நான்கு காலில் நிற்பதை நேரில் வந்து பார்ப்பார். பல்லையும் காலையும் முதுகையும் தடவிப் பார்ப்பார். மனசுக்குச் சரியென்று பட்டால் தொப்பியைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, குட்டியின் இடது காதில் ஏழு தலைமுறையையும் சொல்வார். சரியென்று படாவிட்டால் தொப்பி தலையிலேயே இருக்கும். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் வீட்டுக் குட்டியைப் பார்த்துவிட்டு, "இவன் எங்க வீட்டுப் பிள்ளை இல்ல. வேற இடத்துல விசாரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதனால்தான் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்கள் காகிதத்தைக் கேட்பதில்லை. "டூகல் காதுல சொன்னாரா?" என்றுதான் கேட்பார்கள்.

போன வருடம் நவம்பரில் அந்த வாக்குக்கே ஆபத்து வந்தது.

எஃபி லெய்ட்லாவின் நிலம் என் பட்டறைக்கு அடுத்த மேட்டில் இருக்கிறது. தங்கம் தேடி மலைக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. தனி ஆளாக உழுது விதைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய ஏரில் பூட்டிய இரண்டு பெட்டைகளில் ஒன்று அந்தக் குளிர்காலத்தில் வயிற்றுவலி கண்டு செத்துவிட்டது. மிச்சம் ஜெஸ் ஒன்றுதான். இன்னொரு கனத்த குதிரையை வாங்க வழியில்லை. ஜெஸ் போடும் குட்டிதான் வளர்ந்து ஜோடி சேர வேண்டும். ஜெஸ்ஸுக்கும் வயது வேறு ஆகிவிட்டது, அடுத்த வருடம் சினை பிடிக்குமா என்பது சந்தேகம். அந்த ஒரு குட்டியில்தான் எஃபியின் நிலம் நின்றது.

அந்த நவம்பரில் ஒரு நாள் காலை பாரனை ஜெஸ்ஸோடு சேர்த்தாயிற்று. ஜெஸ்ஸைப் புல்வெளியில் விட்டுவிட்டு, டூகல் வழக்கம்போல வெந்நீர் வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் பாரனின் காலைக் கழுவ உட்கார்ந்துவிட்டார். வேலியின் குறுக்குக் கட்டையைத் திரும்பச் செருக மறந்துவிட்டார். நான் ஏர்க்கொழுவைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். குன்றுப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு மஞ்சள் மட்டக்குதிரை திரியும். கறுத்த கால், கழுதை உயரம், திருட்டுப் பார்வை. அது ஜெஸ்ஸின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ தெரியாது. அதன் குட்டியாக இருந்தால் எஃபியின் ஏரை இழுக்காது. டூகல் வாளியோடு ஓடி வந்து அதை விரட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். நான் புதருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று என் மனைவி சொல்வாள். ஆனால் இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எஃபியிடம் சொன்னால் டூகலின் பிழைப்புப் போய்விடும். டூகலிடம் சொன்னால் மனிதர் உயிரையே விட்டுவிடுவார். பேசாமல் இருந்தேன்.

அவரும் பேசவில்லை. ஆனால் ஆள் மாறிவிட்டார். யாராவது பாரனின் வம்சத்தைக் கேட்டால் மூன்றாவது தலைமுறையில் நிறுத்திக்கொள்வார். எஃபி வீட்டுப் பக்கம் போனால் ரொட்டி தொட மாட்டார். ஜெஸ்ஸுக்கு வயிறு தெரிய ஆரம்பித்து நாங்களெல்லாம் சந்தோஷப்பட்டபோது அவர் முகம் மட்டும் வெளுத்துப்போனது.

போன வாரம் பட்டறைக்கு வந்தார். வெந்நீர் கேட்கவில்லை.

"எஃபி வீட்டுல குட்டி போட்டாச்சாம்," என்றார். "நீயும் வாயேன்."

பாரனை என் கொட்டிலில் கட்டிவிட்டுக் கிளம்பினோம். எஃபி புல்வெளியின் கடைசியில் சதுப்பு ஓரம் நின்றிருந்தாள். குட்டி ஜெஸ்ஸின் வயிற்றடியில் முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஜெஸ்ஸின் நெற்றியும் வெள்ளைதான். கால்தான் சொல்ல வேண்டும். ஜெஸ்ஸுக்குக் கறுத்த கால், அந்த மட்டக்குதிரைக்கும் கறுத்த கால். குட்டியோ விடியுமுன் பிறந்து, எஃபி வந்து பார்க்குமுன்பே சதுப்பில் இறங்கிவிட்டு வந்திருந்தது. வயிறு வரை கருஞ்சேறு காய்ந்து அப்பியிருந்தது.

டூகல் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"என்னய்யா அங்கயே நிக்குற? வந்து பாரு," என்றாள் எஃபி.

"பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்மா. பாத்துட்டுச் சொன்னா அது சொன்னதாகாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்குக் கட்டையைச் செருகாம விட்டது நான்தான். அந்த மஞ்சக் குதிரை உள்ள வந்துருச்சு. பாரன் காலைக் கழுவுற கிறுக்குல கவனிக்கல. உங்க வருஷத்தையே நான் பாழாக்கிட்டேனோ என்னவோ. பதினோரு மாசமா வாயைத் தொறக்காம இருந்துட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க."

எஃபி அவரையே பார்த்தாள்.

"ஜன்னல்லேருந்து நானும்தான் பாத்தேன்," என்றாள். "நீ விரட்டுன விரட்டுல வாளிக் காதே பிஞ்சு போச்சே? நான்தானே மறுபடி கட்டுனேன்."

"பாத்தீங்களா? அப்ப ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ இந்த ஊரை விட்டே போயிருப்பே. அப்புறம் எவனை நம்பிக் குதிரையைச் சேக்குறது?"

இனி நான் மட்டும் சும்மா இருப்பானேன் என்று, "புதருக்குப் பின்னால நானும் நின்னேன்" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எஃபிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "மூணு பேரும் சேர்ந்துதான் தூங்காம கெடந்திருக்கோம் போல," என்றாள். டூகல் சிரிக்கவில்லை. அவர் கண் குட்டியின் காலிலேயே இருந்தது.

எஃபி வீட்டுக்குப் போய் வாளியோடு வந்தாள். ஆவி பறந்தது.

"இந்தா, உன் வெந்நீர்."

டூகல் கழுத்துத் துணியை அவிழ்த்து நனைத்துக்கொண்டு சேற்றில் மண்டியிட்டார். நான் குட்டியைப் பிடித்துக்கொண்டேன். முதலில் வலது முன்கால். சேறு கரைந்து கரைந்து ஓடியது. கறுப்பு, இன்னும் கறுப்பு, பிறகு கொஞ்சம் சாம்பல். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தார். பால் போல வெள்ளை வந்தது. முழங்கால் வரை வெள்ளை. நான் ஒரு கையால் குட்டியைப் பிடித்தபடி மூக்கைச் சிந்தினேன். அவர் இடது முன்காலுக்குப் போனார். வெள்ளை. பின்னங்கால்கள் இரண்டும் வெள்ளை. எஃபி ஜெஸ்ஸின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பாடா, ஆண்டவனே" என்று சத்தமாகச் சொன்னாள்.

டூகல் தொப்பியைக் கழற்றினார். குட்டியின் இடது காதுக்குக் குனிந்தார்.

"உன் அப்பன் பாரன்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. உதடு அசைந்தது, பெயர் வரவில்லை.

"அவன் அப்பன் கறுப்புச் சாம்சன்," என்றேன் நான்.

தலையாட்டினார்.

"அவன் அப்பன் லானர்க் ராஜா. அவன் அப்பன் கிழட்டு வாலஸ்." கேலி செய்தே மனப்பாடம் ஆன பெயர்கள். ஏழு பெயரையும் நானே சொல்லி முடித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையாட்டிக்கொண்டே, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அந்த வலது முன்காலை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.