நிற்காமல் ஓடிய ஞாயிறு

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஓர் அமெரிக்காக்காரியோடு தீராத சிநேகம் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. காரைக்காலில் நான் படித்த கல்லூரி நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில்தான் எங்கள் பழக்கம். மாரத்தான் ஓடுகிறவள். ஒரு நாள் ஜெயித்திருப்பாள். அப்புறம் மாதக்கணக்கில் ஆளையே காணோம். பிறகு ஒரு மூலையில் நாலு வரி, காலில் ஆபரேஷன் என்று. அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நான் துக்கம் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, ஒல்லிக் கைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி முதல் ஆளாக வந்து நிற்பாள். ஓடத் தொடங்கிவிட்டால் அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டாளாம். ஒரு கட்டுரையில் போட்டிருந்தது. அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எழுதி வைத்தால் போதுமா? எங்கள் ஊர் வரிச்சிக்குடியில் ஒரு பெண் எங்கே போய் ஓடுவது? எங்கள் பக்கம் வயசுப் பெண் ரோட்டில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ போய்ச்சேர்ந்துவிட்டார்கள், சேதி சொல்ல ஓடுகிறாள். ஒரே ஒரு நாள் விடிகாலையில் ஓடிப் பார்த்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் “யாரு வீட்லம்மா?” என்று கேட்டார்கள். ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே வரத் தயாராகிவிட்டார்.

“ஊரையே கிலி புடிக்க வைக்காத. இனிமே ரோட்ல ஓடுன, காலை ஒடிச்சிப்புடுவேன்” என்றாள் அம்மா. சத்தியம் செய்தேன். அதன் பிறகு கல்லூரி மைதானத்தில்தான், செக்குமாடு கணக்காகச் சுற்றிச் சுற்றி.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கும் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போட்டி வைத்தார்கள். காரைக்காலில் கிளம்பி வரிச்சிக்குடி தாண்டித் திரும்ப வேண்டும். முதலில் வருகிறவளுக்கு மட்டும்தான் புதுச்சேரிக்குப் போகும் அணியில் இடம். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வீட்டோடு இருந்தார். “ஜெயிச்சுட்டு வந்து சொல்லு, அம்மாவை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

நடவு மறுநாள் என்றுதான் வீட்டில் பேச்சு. ஆள் கிடைத்துவிட்டதென்று அம்மா அன்றைக்கே நடவை வைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. வரிச்சிக்குடி தாண்டித் திரும்பி வருகிறேன், முதல் ஆளாக. இருபது அடி பின்னால் இன்னொருத்தி. ரோட்டோரத்து எங்கள் வயலிலிருந்து, முழங்கால் வரை சேறோடு அம்மா வரப்பில் ஏறினாள்.

“அடியே, அப்பாவுக்கு என்னடி ஆச்சு?”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்திலேயே ஓடிவந்தாள். கையில் இன்னும் நாற்று. “சொல்லுடி, இருக்காரா?” என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பின்னால் அந்தப் பெண்ணின் காலடி கேட்டது. முகத்தை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டேன். நான் பேசாததையே பதிலாக எடுத்துக்கொண்டு அம்மா “ஐயோ” என்று வீட்டுப்பக்கம் திரும்பி ஓடினாள். நடவுப் பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினார்கள்.

நான்தான் முதலில் வந்தேன்.

கப்போடு பஸ்ஸில் வந்து இறங்கியபோது தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. எட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்கு வர, அப்பா இட்லித் தட்டோடு எழுந்து வந்து “யாருங்க செத்தது?” என்று கேட்டாராம். “கப்பை உங்கம்மாவுக்குத்தான் குடுக்கணும், உன்னைவிட வேகமா வந்தா” என்று என்னிடமும் சொல்லிச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. கொல்லையில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் முள் ஏறி ரத்தம். நான் முள்ளை எடுக்கக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டாள். ஓடினதற்காகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தியத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

“நான் கேட்டது காதுல விழுந்துச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

“விழுந்துச்சும்மா.”

“நல்லாருக்காருன்னு ஒரு வார்த்தை?”

எனக்கு அழுகை வந்தது. அம்மா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “சரி, வந்து சாப்புடு” என்று எழுந்து போய்ச் சோறு போட்டாள். முள் இன்னும் காலில்தான் இருந்தது.