கோயில் சந்தில் ஒரு வீடு

அபிராமத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க ராமநாதபுரம் வந்திருக்கிறேன். அரண்மனைக்குப் பின்னால், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்து. மருந்துக்கடை, டாக்டர், மார்க்கெட் எல்லாம் நடக்கிற தூரம். கால் வீங்கிய அம்மா, யார் கையையும் பிடிக்காமல் சந்து முனையிலுள்ள அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அட்வான்ஸ் வாங்க புரோக்கர் வந்துகொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டு அக்கா துவைத்த சேலையோடு வாசலுக்கு வருகிறார்.

"அம்மாவும் இங்கனதான் இருப்பாகளா தம்பி?"

"அவுகளுக்காகத்தான் வாங்குறேன்க்கா."

பிழிந்த சேலையை உதறாமல் நிற்கிறார். "அட்வான்ஸ் குடுக்க முந்தி சொல்லிர்றேன். சந்துல சாவு விழுந்தா, எடுக்குற வரைக்கும் கோயில் நடை திறக்க மாட்டாக. அதனால, முடியாமக் கெடக்குறவுகள முன்னாடியே வெளிய கொண்டுபோயிருவோம். எங்க மாமியா பைபாஸ்கிட்ட கொழுந்தன் வீட்டுலதான் உசுர விட்டாக."

அம்மா திரும்பி வருகிறாள். மூச்சு வாங்குகிறது. நெற்றி நிறையத் திருநீறு.

"ஏலே, நாலு எட்டு வச்சா கோயிலு. இந்த வீட்டையே முடிச்சிரு. இங்கனயே நிம்மதியா கண்ண மூடிருவேன்."

அக்கா சேலையைக் கொடியில் விரித்துவிட்டு, அதற்குப் பின்னாலேயே நிற்கிறார்.