சிலிண்டர் கழுத்தில் கட்டிய துணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்து விழும். மறதியும் சேர்ந்துகொண்டது. அந்த மறதியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். எல்லோருக்கும் நான் ஆயா. அரிசி களைவது, காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது என் வேலை. அடுப்பில் நின்று ஆக்குவது சமையலர் வேலை. அவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள், ஆனால் நான் பேசவேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கூச்சக்காரியான எனக்கு அது வசதியாகவே இருந்தது.

பிறகு பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே என்று வந்தது. மகளிர் குழுவிலிருந்து ஒரு பெண்ணை அதற்குப் போட்டார்கள். ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளிலிருந்து வருபவள். இரண்டு பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தன. அதற்கு முன்பு நடவுக்கும் செங்கல் சூளைக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிந்ததும் வந்து உப்புமாவோ பொங்கலோ கிண்டி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, நாங்கள் வரும் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவாள். அடுப்பும் அறையும் எங்களுக்கும் அவளுக்கும் ஒன்றுதான்.

அந்த வேலையை எங்களுக்கே கொடுத்திருக்கலாம் என்று சமையலருக்கு ஆத்திரம். வேறு காரணமும் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காரணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். முதல் நாளிலிருந்தே அவளோடு சமையலர் பேசவில்லை. காலைப் பலகாரம் ஆக்குகிறவள் என்பதால் நாஷ்டாக்காரி என்பாள், அதையும் என்னிடம்தான் சொல்வாள். சமையலர் பேசாததால் நானும் பேசவில்லை. எனக்கென்று ஒரு கோபமும் கிடையாது. இருந்தாலும் பேசவில்லை.

பேசாமல் எப்படி வேலை நடக்கும் என்று கேட்கலாம். நடந்தது. உப்பு தீர்ந்தால் உப்பு ஜாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். அரிசியில் வண்டு இருந்தால் மூட்டைமேல் முறம் இருக்கும். சிலிண்டர் இரண்டு. ஒன்று தீர்ந்தால், தீர்த்தவர் அடுத்ததை மாட்டிவிட்டு, காலியானதன் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிடவேண்டும். துணியைப் பார்த்ததும் சமையலர் போன் போட்டு கேஸ் சொல்லிவிடுவாள். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினோம். இப்போது நினைத்தாலே உடம்பு அசந்துபோகிறது.

ஒரு புதன்கிழமை, காலையில் பிள்ளைகளுக்குப் பொங்கல் போடும் நாள் என்று ஞாபகம், சமையலர் பேங்குக்குப் போயிருந்தாள். நான் மட்டும் வந்து பருப்பை ஏற்றினேன். காலிச் சிலிண்டர் கழுத்தில் துணி கட்டியிருந்தது. காலைக்காரப் பெண் தன் பையனுடைய பழைய சட்டையில் கிழித்தது, பச்சைக் கட்டம். பார்த்தேன். சமையலர் வந்ததும் சொல்லவேண்டும் என்றும் நினைத்தேன். அதற்குள் பருப்பு பொங்கி வழிந்தது. என் கரித்துணி தண்ணீரில் ஊறிக்கிடந்தது. கைக்கு எட்டிய அந்தத் துணியை அவிழ்த்துக் குண்டானைப் பிடித்து இறக்கினேன். அடுப்பைத் துடைத்தேன், துணியை அலசி ஜன்னல் கம்பியில் போட்டேன். காய்ந்ததும் கட்டிவிடலாம் என்றிருந்தேன். காய்ந்தது. நான் மறந்துபோனேன். அடுத்த நாளிலிருந்து அதுவே எனக்குக் கரித்துணி ஆகிவிட்டது.

இரண்டு வாரமோ என்னவோ கழித்து, உலையில் அரிசி பாதி வெந்திருக்கும்போது அடுப்பு அணைந்தது. சமையலர் பதறவில்லை. அடுத்த சிலிண்டரை இழுத்தாள். இழுத்த வேகத்தில் அது லேசாக வந்துவிட்டது.

“இன்னாடி இது, காலி கீது.”

பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கெஞ்சி ஒரு சிலிண்டர் வாங்கி உருட்டிக்கொண்டு வந்தோம். அறுபது பிள்ளைகளும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சாப்பிடும்போது இரண்டு மணி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டின்மேலேயே தூங்கிப்போயிருந்தன. வயலிலிருந்து வந்த ஒரு தகப்பன் சத்தம் போட்டான். யாரோ மேலே போன் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் அதிகாரி வந்தார். காலைக்காரப் பெண்ணையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் சமையலறை வாசலில், நிலைக்கு வெளியே நின்றாள்.

“தீந்ததச் சொல்லணும்னு தெரியாதாம்மா உனக்கு?”

“துணி கட்டினேன் சார். பச்சத் துணி.”

“சிலிண்டருக்கு எதுக்கும்மா துணி?”

சமையலர் என் பக்கம் திரும்பி, “கட்னாளாம். அது இன்னா ரெக்க மொளச்சி பறந்துகினு போச்சாமா?” என்றாள்.

நான் அப்போது கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். குண்டானைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். பச்சைக் கட்டம். அதுவரை எனக்கு ஞாபகமே இல்லை. வாசலில் நின்றவளும் என் கையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவள். நானும் சொல்லியிருக்கலாம். கஞ்சியை வடித்து முடித்தேன்.

அதிகாரி, பள்ளியின் பார்வைப் பதிவேட்டில், காலை உணவுப் பணியாளரின் கவனக்குறைவு என்று எழுதினார். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் அனுப்பும்படி குழுவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. மத்தியானம் பரிமாறும்போது அவளுடைய சின்னப் பிள்ளையிடம், “உங்கம்மா எங்கடா?” என்று கேட்டேன். “சூளைக்குப் போய்க்கீது ஆயா” என்றது. தட்டில் சோற்றைக் கொஞ்சம் கூடவே வைத்தேன். அது வேண்டாம் என்றது.

புதன்கிழமை தலைமையாசிரியை அறை வாசலில் போய் நின்றேன். “இன்னா ஆயா?” என்றார். வாயால் வரவில்லை. வீட்டிலேயே எழுதி மடித்துக் கொண்டுபோயிருந்த தாளைக் கொடுத்தேன், துணியை மேசைமேல் வைத்தேன். நாலே வரி. துணியை அவிழ்த்தது நான், அவள் கட்டியிருந்தாள் என்று. படித்துவிட்டுத் துணியை எடுத்துப் பார்த்தார்.

“இத்தன புள்ளைங்க சோறு ஒரு துண்டுத் துணிய நம்பியா இருந்திச்சி?”

சமையலரையும் கூப்பிட்டார். அவள் என்னைத்தான் திட்டினாள். “வாயில இன்னா கொழுக்கட்டயா வச்சிகினு இருந்த? அவர் கேக்கும்போது சொல்லறதுக்கு இன்னா? இப்ப எனக்குந்தான பேஜாரு.”

தலைமையாசிரியை என் தாளை அதிகாரிக்கு அனுப்பினார். குழுவிலும் பேசினார். வேறு ஆளாக வந்த பெண்ணுக்கும் விடியற்காலை வேலை ஒத்துவரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் பழையவளே திரும்பி வந்தாள். வந்ததற்கு எனக்கு நன்றியும் சொல்லவில்லை, என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தலைமையாசிரியை ஒரு ஏற்பாடு செய்தார். ஜாடி, முறம், துணி எதுவும் கூடாது. ஒன்பது மணிக்கு மூன்று பேரும் நின்று, இருப்பதையும் இல்லாததையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் அவள் போகவேண்டும். சமையலர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“கேஸு மாத்திட்டன்னு சொல்லு ஆயா,” என்பாள் காலைக்காரப் பெண்.

“மாத்திட்டாளாம்,” என்பேன் நான்.

“எனக்கும் காது கீது. எண்ணெ எவ்ளோ கீதுன்னு கேளு.”

“எண்ணெ எவ்வளவு...”

“அரப் பாக்கெட்டுன்னு சொல்லு ஆயா.”

இரண்டு முழம் இடைவெளியில் நிற்பவர்களுக்கு நடுவில் நான் தினமும் இப்படி நின்றேன். என் ஆயுசில் அவ்வளவு பேசியதில்லை. வீட்டுக்குப் போனால் படுக்கத் தோன்றும்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் போனபோது சமையலர் காய்க்கூடையை என் பக்கம் தள்ளிவிட்டு, “சாயங்காலம் கேஸ் வண்டி வருது. இருந்து எறக்கிக்கோ. தீரப்போவுதுன்னு அவ சொன்னா” என்றாள். அவ சொன்னா. அவ்வளவுதான். அவர்கள் சிநேகிதம் ஆகவில்லை. இப்போதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு நடுவில் நிற்கும் வேலை இல்லாமல் போனது.

வயதாகி நான் நின்றுவிட்டேன். என் இடம் காலியாக இருக்கிறது. காலைக்காரப் பெண் அதற்கு மனு போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து பதிவேட்டில் அவள் கவனக்குறைவு என்று எழுதிய அந்த வரிதான் என் கண்ணில் நிற்கிறது. கீழே திருத்தி எழுதினார்களா, என் தாளைச் சேர்த்து வைத்தார்களா, கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது பள்ளிக்கூடம் போனால் அதைப் பார்க்கவேண்டும். துணி கட்டியது புதன்கிழமைதானா, நடுவில் இரண்டு வாரமா மூன்று வாரமா என்பதையும் சரிபார்க்கவேண்டும். சமையலரைக் கேட்டால் ஒரு கணக்குச் சொல்லுவாள். என் கணக்கை நானே நம்புவதில்லை. துணி கட்டியவளைக் கேளுங்கள், அவளுக்குச் சரியாக ஞாபகம் இருக்கும்.