தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் இகுவானா

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. ஒருமுறை விடுமுறைக்கு வந்தவர், ஈப்போ டவுனுக்குப் போய்விட்டு ஓர் அட்டைப் பெட்டியோடு திரும்பினார். திறந்து பார்த்தேன். பச்சை நிறத்தில், தாடைக்குக் கீழே தோல் தொங்க, முதுகெல்லாம் முள்ளாக ஒரு பிராணி உள்ளே உட்கார்ந்திருந்தது. வாலோடு சேர்த்தால் என் கை நீளம் இருக்கும்.

"உடும்பா? இத எப்படிங்க சமைக்கிறது?"

அவர் சிரித்துவிட்டார். "உடும்பு இல்ல லா. இகுவானா. வளக்குறதுக்கு. கீரை போட்டா போதும், திங்கும். நான் போயிட்டா உனக்குத் துணைக்கு ஆள் வேணாமா?"

கம்பிவலை அடித்து ஒரு கூண்டு செய்து அடுப்படியில் வைத்தார். இரண்டு நாள் கழித்து பஸ் ஏறிவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் ஈய விலை விழுந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது அவருக்கும் வேலை போயிற்று. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். குனோங் ராபாட்டில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்காரியாக நான் மட்டும் மிஞ்சினேன். குழந்தை இல்லை. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். அளவு கொடுக்க வருபவர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் ஒருத்தர் இருமினால் இந்த வீட்டில் "வெந்நி குடிக்கிறதுதானே" என்று குரல் கொடுப்போம். தோட்டத்தை விற்று, மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நாங்களும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டோம். லயத்துச் சண்டைக்கும் சாராயத்துக்கும் நான் ஏங்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் தனியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. தாமான் வீட்டின் செங்கல் சுவரில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது.

முதலில் அந்தப் பிராணியைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். கங்கோங் கீரையைக் குச்சியில் குத்தி உள்ளே தள்ளுவேன். வாசலில் பூத்த செம்பருத்தியை ஒருநாள் போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றது. அப்படி ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்ததும் பயம் கொஞ்சம் விட்டுப்போனது. பிறகு கூண்டைத் திறந்துவிட்டேன். அது மெதுவாக நடந்து வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த துணிக் குவியலின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். "ஏய், அது அடுத்தவங்க துணி" என்பேன். ஒரு கண்ணால் என்னைப் பார்க்கும். அப்படித்தான் அதனோடு பேச ஆரம்பித்தேன்.

வருஷக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. நல்ல நாளிலேயே வெயில் மலையைத் தாண்டி வர நேரமாகும். மழைக்காலத்தில் அடுப்படிச் சிமெண்டுத் தரை காயவே காயாது. ஒரு மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தபோது மெஷினிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. எண்ணெய் விட்டேன். சத்தம் நிற்கவில்லை. காலை மிதியிலிருந்து எடுத்தேன். மெஷின் நின்றது, சத்தம் மட்டும் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இகுவானா தலையைத் தூக்கி, வாயைத் திறந்து வைத்திருந்தது. மூக்கில் சின்னக் குமிழி. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா இரண்டும் உள்ளே ஒட்டின. பச்சை நிறம் மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. செம்பருத்தியை வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் போன் செய்வார். எங்களுக்குப் போன் கிடையாது. முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயின் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அந்த ஞாயிறும் நின்றேன். கடையில் நல்ல கூட்டம்.

"இகுவானாவுக்கு மூச்சு வாங்குதுங்க."

"என்னா? கேக்கல. சத்தமா பேசு லா!"

"இகுவானாவுக்கு மூச்சு வாங்குது! வாய மூடவே மாட்டேங்குது!"

ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது.

"போனா போவட்டும். வேற ஒன்னு வாங்கிக்கலாம். இங்க பாரு, தீபாவளிக்கு வர முடியாது போல. ஓவர்டைம் குடுத்துருக்கான். பொங்கலுக்குப் பாக்கலாம். என்னா?"

"சரி" என்றேன்.

போனை வைத்ததும் பாய் என் முகத்தைப் பார்த்தார். "மாடு ஆடு பாக்குற டாக்டர் டவுன்ல இருக்காங்கம்மா. கவர்மெண்டு ஆபீஸ். நாளைக்குக் கொண்டு போங்க. பஸ்ல மூடி எடுத்துட்டுப் போங்க, தொறந்து காட்டுனா எறக்கி விட்டுருவான்."

மறுநாள் காலை மார்க்கெட் கூடையில் பழைய கைலியை விரித்து, இகுவானாவைப் படுக்கவைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பஸ்ஸில் கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். டிக்கெட் கொடுக்க வந்தவர் குனிந்து பார்த்து, "ஆயாம்?" என்று கேட்டார். கோழி என்றே தலையாட்டினேன். வால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

கால்நடை அலுவலகத்தில் ஆட்டுக்காரர்களுக்கும் கோழிக்காரர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என்ன பிரச்சினை என்று கேட்டார். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். முந்தின நாள் பாய் கடையில் பேசியதற்குப் பிறகு நான் மனுஷரோடு பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் துண்டை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இதை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்" என்றார் மலாயில். பிறகு ஸ்டெதஸ்கோப்பை அதன் முதுகில் வைத்தார். அது அசையவில்லை.

"நுரையீரலில் சளி. வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"அடுப்படியில. ஈரமா இருக்கும்."

"இது சூட்டில் வாழ்கிற பிராணி. உடம்பைத் தானாகச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. நீங்கள்தான் சூடு கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் என்ன?"

பெயர் வைக்கவில்லை என்றேன். "ஏய் என்று கூப்பிடுவேன்."

அவர் சிரித்துவிட்டு, முன்னங்காலின் மேல் பக்கம் ஊசி போட்டார். பிடித்துக்கொள்ளச் சொன்னார். என் இரண்டு கைக்குள்ளும் அது இழுத்து இழுத்து மூச்சு விட்டது. பிழைக்குமா என்று கேட்டேன். "தெரியாது. ஆனால் ஊசியை நிறுத்தாமல் கொண்டு வாருங்கள்" என்றார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கூடையோடு பஸ் ஏறினேன். பாய் ஒரு மரப்பெட்டி கொடுத்தார். அதற்குள் மேசை விளக்கின் பல்பைத் தொங்கவிட்டு, சூடு தாங்குகிறதா என்று முதலில் என் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். மூக்கை வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைப்பேன். மழை விட்டு வெயில் அடித்தால் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கரண்டு போன சாயங்காலங்களில் பெட்டி குளிர்ந்துவிடும். அப்போது அதை வயிற்றோடு சேர்த்து அணைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதன் மூச்சு என் வயிற்றில் படும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் மடியில் ஒன்று படுத்திருப்பது அதுதான் முதல் தடவை. அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுதேன். அது அசையாமல் இருந்தது.

தீபாவளி அன்று முறுக்கு சுடவில்லை. எண்ணெய் மட்டும் வைத்துக் குளித்தேன். தெருவில் மத்தாப்பு கொளுத்தினார்கள். புகை உள்ளே வராமல் இருக்க ஜன்னலை அடைத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது வாய் மூடியிருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். விலா மெதுவாக ஏறி இறங்கியது. செம்பருத்தி ஒன்றை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தலைகூட வாராமல் முனைக்கு ஓடினேன்.

"அண்ணே, வாய மூடிருச்சு!"

"யாரு?" என்றார் பாய், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே. பிறகு புரிந்துகொண்டு, பலகாரத் தட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு பப்பாளிப் பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "குடுங்க அதுக்கு. நீங்களும் சாப்புடுங்க, எளச்சுப் போயிட்டீங்க."

முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. குளிர்ந்த நாட்களில் அந்தச் சத்தம் திரும்ப வரும்; பல்பைப் போடுவேன், அடங்கும். மறுவருஷம் என் வீட்டுக்காரர் சிங்கப்பூரை விட்டுவிட்டு வந்தார். சிம்பாங் பூலாய் பக்கம் கல் உடைக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. வந்த புதிதில் இகுவானாவைத் தூக்கப் போனார். வாலால் ஓர் அடி போட்டது. "என்னைய அடையாளம் தெரியல லா இதுக்கு" என்று கையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தை இகுவானா தாண்டவில்லை. இந்த முறை ஊசியும் கேட்கவில்லை. அவர்தான் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார். மூடி முடித்துவிட்டு மண்வெட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒருதடவ சீக்காயிருந்துச்சே, யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா? பாயா?"

"நான்தான். பஸ்ல."

"தனியாவா?"

"ஆமா."

அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். மழை தூறத் தொடங்கியது. கொடியில் காய்ந்த அவருடைய வேலைச் சட்டைகளை நான் எடுக்கப் போனேன். அவரும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, கொடியின் அந்தக் கோடியிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்.