விழாத சரிவு

யுத்தம் நடந்த காலத்தில் கோவேறு கழுதை ஓட்டும் சிப்பாயாக வடக்கே மலைக்குப் போனேன். எருமப்பட்டியில் சோளக்காட்டை விட்டுப் போன எனக்குப் பனிக்கட்டி என்றால் நாமக்கல் சோடாக் கடையில் மரத்தூளுக்குள் கிடப்பதுதான். அங்கே மலை முழுக்க அதுவாகவே இருந்தது. என்ன பிழைப்படா இது என்று தினமும் அலுத்துக்கொள்வேன்.

மேலே காவல் சாவடியில் என் சிநேகிதன், ஜலகண்டாபுரத்து நெசவுக்காரன், நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் கிடந்தான். மருந்தைக் கொடுத்து அவனைத் தூக்கிவர அவில்தாரோடு சில பேர் கிளம்பினோம். கழுதை ஏறாத வழி. சாவடி கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு சரிவுதான்.

முன்னால் கோலோடு போகிறவன் சொல்வதுதான் முடிவு என்பது எங்கள் வழக்கம். அன்று கோல் என் கையில். இரவெல்லாம் மேல்காற்று அடித்து, முகட்டுக்கு இந்தப் பக்கம் பனியைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. களத்தில் தூற்றும்போது பதரும் இப்படித்தான் காற்றுக்கு மறுபக்கம் போய்க் குவியும். கால் வைத்தால் சரியும். ஆனால் இது கெட்டியாக இருந்தது, கால் புதையவில்லை. கோலால் தட்டினேன். தானியம் இல்லாத வெறும் குதிரில் தட்டியது போலச் சத்தம் கேட்டது. ஓங்கிக் குத்தினேன். மேல் ஓடு உடைந்து கோல் பொசுக்கென்று உள்ளே போயிற்று. என் காலடியிலிருந்து ஒரு விரிசல் மேலே ஓடியது.

"போலாமுங்களா?" என்று பின்னால் வந்த ராசிபுரத்துக்காரர் கேட்டார்.

"வேண்டாமுங்க. மொத்தமா சரிஞ்சு வந்துரும். கீழ எறங்கிச் சுத்திப் போலாமுங்க" என்றேன்.

பள்ளத்தாக்கைச் சுற்றிச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சிநேகிதன் உயிர் போயிருந்தது. சரிவு அப்படியே நின்றது. பிறகு வெயில் ஏற ஏறக் கரைந்து ஓடையாகப் போயிற்றே தவிர, ஒரு பாளம்கூட விழவில்லை. நான் பார்த்தது சரிதான் என்று அவில்தார் முதுகில் தட்டினார். இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் நானும் சொல்வேன். ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன பனி ஒரு தடவை இடிந்து விழுந்து தொலைத்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

ஊர் திரும்பியதும் ஜலகண்டாபுரம் போனேன். அவன் மனைவி தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து மோர் கொடுத்தாள். கோலால் தட்டிப் பார்த்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங்க, அப்பறம் அது சரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க."

காலி மோர்ச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அப்பப் போயிருக்கலாமுங்க" என்றாள்.