இடைவெளி மாஸ்டரின் வலது கால்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவரை இடைவெளி மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே இன்னொரு வண்டி நுழைகிற அளவு இடம் விட வேண்டும் என்பது அவருடைய வேதம். அப்படி ஒன்று நுழைந்துவிட்டால்? அதற்கும் இடம் விட வேண்டும். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முன்னால் ஏதாவது பெரிதாகத் தெரிந்தால் போதும், மூளையிடம் அனுமதி கேட்காமலேயே அவருடைய வலது கால் அதை மிதித்துவிடும். மனைவி ஓட்டும் சொந்தக் காரில் அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. ஆனாலும் கால் விரிப்பு அந்த ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குப் போர் விமான விளையாட்டு எதற்கு என்று கேட்டால், எல்லாம் சம்பந்தியால் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு பல் டாக்டர். மகள் கல்யாணம் முடிந்து முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசித் தீர்த்துவிட்டு இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். டாக்டர் மெல்ல அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கணினி முன் உட்காரவைத்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. கைக்கு ஒரு பிடி, காலுக்கு இரண்டு மிதி என்று மாஸ்டரும் வீட்டில் எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்தினார். ஞாயிறு மதியம் அவரவர் வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, மரியாதை குறையாமல் ஒருவரையொருவர் சுட ஆரம்பிப்பார்கள்.

சுடுவது என்னவோ டாக்டர்தான். மாஸ்டர் விழுவார். டாக்டருக்குத் தொழிலே அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுப் பார்ப்பது. விமானத்திலும் அப்படித்தான், மூக்கோடு மூக்கு உரசுகிற வரைக்கும் நெருங்கி வருவார். வந்து, "கொஞ்சம் வலிக்கும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுச் சுடுவார்.

மாஸ்டரின் விமானத்தில் இரண்டு இறக்கையிலும் துப்பாக்கிகள். இரண்டு பக்கத்துக் குண்டுகளும் முன்னால் எவ்வளவு தூரத்தில் போய் ஒன்றுசேர வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே குறித்துவிட வேண்டும். அந்தத் தூரத்தில் சுட்டால் மொத்தக் குண்டும் ஒரே இடத்தில் விழும். அதைவிட நெருங்கிச் சுட்டால் எதிராளிக்கு இரண்டு பக்கமும் குண்டு ஓடும், அவர் நடுவில் சொகுசாகப் பறப்பார். டாக்டர் வைத்திருந்தது நூறு மீட்டர். மாஸ்டர் வைத்திருந்தது அறுநூறு. அவ்வளவு தூரத்தில் டாக்டரின் விமானம் ஒரு கொசு. கொசு லேசாக விலகினாலே குண்டெல்லாம் வீண்.

கிட்டப் போய்ப் பார்க்காமலும் இல்லை. கிட்டப் போனால் முன்னால் விமானம் பெரிதாகும். பெரிதானதும் வலது கால் தன் வேலையைக் காட்டிவிடும். விமானத்தில் அந்த மிதி பிரேக் அல்ல, மூக்கைத் திருப்புவது. மாஸ்டரின் விமானம் சடாரென்று வலது பக்கம் திரும்பி, யாருமில்லாத வானத்தைச் சல்லடையாகத் துளைக்கும். டாக்டர் சிரிப்பை அடக்குவது ஹெட்ஃபோனில் நன்றாகவே கேட்கும்.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். மகள் வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று செய்தி வந்ததும் விஷயம் முற்றியது. பிள்ளைக்குப் பெற்றவர்கள் என்ன பேர் வேண்டுமானாலும் வைக்கட்டும், செல்லப் பேர் தாத்தாக்கள் வைப்பது என்று முடிவானது. எந்தத் தாத்தா? அதை வானத்தில் ஒரே ஆட்டத்தில் தீர்த்துக்கொள்வதாக ஒப்பந்தம். டாக்டர் 'பீரங்கி' என்று வைக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாஸ்டர் தன் மனதில் இருந்ததை மனைவியிடம் மட்டும் சொன்னார். சிட்டு.

மகளைக் குழந்தையிலிருந்து அவர் கூப்பிட்ட பேர் அது. சம்பந்தி வீட்டார் முன்னால் அப்படிக் கூப்பிடக் கூச்சப்பட்டு, கல்யாணத்துக்குப் பிறகு "நல்லா இருக்கியாம்மா" என்று யாரோ போலப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பேரைச் சொல்லாமல் அவருக்கு நாக்கு நமநமத்தது. பேரப்பிள்ளையின் சாக்கிலாவது சொல்லலாம் அல்லவா?

ஆட்டத்துக்கு முன் அவர் அறுநூறை ஐந்நூறாக்கி, மறுபடி அறுநூறாக்கி, கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பள்ளியின் அலுவலகத்தையும் அவரையும் சேர்த்து நிர்வகிக்கிற மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"மிதிக்காதீங்கன்னு சொன்னா உங்க கால் கேக்காது. எப்படியும் மிதிக்கத்தான் போகுது. அப்ப டாக்டருக்கு இடது பக்கமா குறி வைங்க. மிதிச்சா வலது பக்கம் தானே திரும்பும்?"

மாஸ்டரின் கை மறுபடி அறுநூறுக்கே போயிற்று.

"கிட்டப் போய்ச் சுடப்போறீங்க. அந்த அறுநூறையும் குறைச்சுத் தொலைங்க."

நூற்றைம்பது என்று குறித்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மேலே போனார். டாக்டர் மேகத்துக்குள்ளிருந்து இறங்கி எதிரே பாய்ந்தார், சுட்டார், தவறவிட்டார், தாண்டிப் போனார். மாஸ்டர் திருப்பிக்கொண்டு பின்னால் ஒட்டினார். கொசு காக்கையாயிற்று, காக்கை கழுகாயிற்று. டாக்டரின் இடது இறக்கைக்கு அப்பால் வெறும் வானத்தைக் குறி வைத்தபடி, வாழ்நாளில் எந்த வண்டியையும் நெருங்காத அளவு நெருங்கினார். விமானம் திரையை அடைத்தது. விரல் துப்பாக்கி விசையை அழுத்தவும் வலது கால் மிதிக்கவும் சரியாக இருந்தது.

விமானத்தின் மூக்கு திரும்பிய வேகத்தில் குண்டுகள் டாக்டரை இறக்கையிலிருந்து இறக்கை வரை ஒரு இழுப்பு இழுத்தன. டாக்டர் இரண்டாகப் பிளந்து எரிந்துகொண்டு கீழே போனார்.

"கொஞ்சம் வலிக்கும், சம்பந்தி" என்றார் மாஸ்டர், தலைகால் புரியாமல். மனைவி கையில் இருந்த பயிற்சிப் பள்ளிச் சாவிக்கொத்தைக் குலுக்கி ஒரு ஆட்டமே ஆடிவிட்டாள்.

டாக்டர் பெருந்தன்மையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டார். பேரைச் சொல்லுங்கள், வீட்டில் எல்லோரும் இங்கே சுற்றி நிற்கிறோம் என்றார். மாஸ்டர், சிட்டு என்றார்.

 அந்தப் பக்கத்திலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அப்ப நான் யாருப்பா?"

மாஸ்டரின் வலது கால் அடியோடு மிதித்தது. ஜெயித்த விமானம் தலைகுப்புறச் சுழன்று நேராகப் போய் மண்ணைக் கவ்வியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"சம்பந்தி, பீரங்கின்னே வச்சுக்குங்க" என்றார். "சிட்டுன்னு எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. சிட்டு, சாப்பிட்டியாடா?"