சுவருக்குத் தண்ணீர் விட்டேன்

அண்ணாமலை நகர் வீட்டில் ஹாலையும் படுக்கையறையையும் பிரிப்பது ஒற்றை ஜிப்சம் போர்டுதான். நாற்காலி இடித்து அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்குமுன் நானே பட்டி மாவைக் குழைத்து வைத்து அடைத்தேன். ஆள் கூப்பிடலாம் என்ற மனைவியிடம், "கடலூர்ல எங்க வீடு கட்டுனப்ப கூடவே நின்னவன் நான்" என்றேன். நின்றது உண்மை. சிமென்ட் பூச்சு இறுகத் தினமும் தண்ணீர் அடித்தது மட்டும்தான் என் வேலை.

அதே பழக்கத்தில் இந்தச் சுவரையும் காலை, மாலை இரு வேளையும் தாராளமாக நனைத்தேன். மூன்றாம் நாள் போர்டு, டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. உப்பலை உள்ளே தள்ளிவிடலாமே என்று அழுத்தினேன். கை முழங்கை வரை படுக்கையறைக்குள் போய்விட்டது.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிதானமாகச் சொன்னாள்: "கதவு அந்தப் பக்கம் இருக்குதுங்க."